நாடக மேடையும் ஒளியும்

திரை தூக்கியவுடன் மேடை முழுதும் கண்கூசும் வெளிச்சம் வீசினாலன்றி நாடகம் சோபிக்காது என்றெண்ணுவோர் நம்மவருட் பலர். காட்டுக்கும் அதே ஒளி, அரண்மனைக்கும் அதே ஒளி, சுடுகாட்டுக்கும் அதே ஒளி! ஒளியாலும் நிறத்தாலும் பொழுதையும் பருவத்தையும் காட்டுவது மேனாட்டார் கலை, நமக்கு அது புதிது என்று கூறி நழுவுவோரும் உளர். நம் பழைய நூல்களைப் புரட்டியவர் இக்கூற்றை ஒப்பார்.

1892-இல் உ. வே. சாமிநாதையர் அச்சிட்டு வெளியிட்ட சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையைக் காண்க. மாதவி ஆடிய அரங்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். திரைகள் மூவகை: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. மேலே ஓவியம் எழுதிய விதானம். இவற்றோடு, தூண்களின் நிழல் இடையூறாகாதபடி விளக்கை நிறுத்தும் முறையையும் இளங்கோ மறவாமற் கூறுகிறார். தொல்காப்பியமோ முல்லைக்குக் கார்காலமும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் நள்ளிரவும், மருதத்துக்கு வைகறையும், பாலைக்கு வேனிலும் நண்பகலும் என வகுத்தது. நிலம் இன்னது என்றவுடனே அதன் ஒளியும் இன்னது என்று துணிந்த மக்கள் நாம்.

பின்னர் வந்தது என்ன? தெருக்கூத்துக்குத் தீவட்டி போதியதாயிற்று. பார்ஸி நாடகக் கம்பெனிகளின் வழியே எழுதிய படுதாக்கள் வந்தன. அக்கம்பெனிகளின் சாயலிலேயே பினாங்கில் மலாய்க்காரரின் பங்சாவானும் பிறந்தது. தெருவுக்கொரு படுதா, தர்பாருக்கொரு படுதா, வனத்துக்கொரு படுதா. கதை எதுவாயினும் வனம் ஒன்றே! தமிழ்நாட்டில் கன்னையா கம்பெனியாரின் தசாவதாரமும், நவாப் ராஜமாணிக்கம் குழுவினரின் நாடகங்களும் காட்சி ஜோடனைக்குப் பெயர் பெற்றவை. அவர்தம் உழைப்பை நாம் குறைகூறோம். ஆயினும் தேவர் இறங்கவும் அசுரர் மறையவும் கொட்டிய பொருளிற் காற்பங்கேனும் ஓர் ஏழைக் குடிசையின் அந்திப்பொழுதைக் காட்டச் செலவாயிற்றா?

இலண்டனில் 1837-இல் சுண்ணாம்புக் கட்டியைக் கடுந்தீயிற் காய்ச்சிப் பெற்ற வெள்ளொளியை மேடைக்குக் கொணர்ந்தனர். 1881-இல் சவாய் அரங்கு முழுதும் மின்விளக்கு ஏற்றினர். விளக்கின் முன் நிறத்தாள் பிடிப்பதும் வழக்கமாயிற்று. இதில் மாயமொன்றுமில்லை. சிவப்புச் சேலை சிவந்து தோன்றுவது செவ்வொளியைத் திருப்பியனுப்புவதால்; நீல ஒளியில் அதுவே கறுத்துவிடும். இதனையறியாது நிலாக்காட்சியில் கதாநாயகிக்குச் சிவப்புப் பட்டு உடுத்தி, அவளைக் கரிக்கட்டையாக்கிய நாடகம் ஒன்றை நாமே கண்டோம்.

நம் கோலசிலாங்கூர் வட்டாரத்துக்கு வருவோம். புக்கிட் ரோத்தானிலும், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் சூழ்ந்த தோட்டங்களில், திருவிழா இரவுகளில் காஸ் விளக்குகளைத் தொங்கவிட்டு நாடகம் ஆடினர் நம் முன்னோர். ஆடியதோ பெரும்பாலும் அயோத்தியும் அத்தினாபுரியும். அவர்கள் வாழ்ந்த நிலத்தின் பருவம் எந்தப் படுதாவில் ஏறிற்று? ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் இலை மஞ்சளாகிச் சிவந்து உதிரும். மொட்டை மரங்களினூடே வெயில் நேரே தரையில் விழும். பின் செம்பு நிறத் தளிர் தோன்றும். அப்பருவத்தில் பால் குறையும். பால் குறைந்தால் சம்பளமும் குறையும். கூதிரும் பனியும் அறியாத இந்நாட்டில் தோட்டத்தாருக்கு வயிற்றில் உறைத்த பருவம் அஃதொன்றே. மஞ்சளும் செம்மையும் கலந்த இரண்டு விளக்குகள் அதனைக் காட்டப் போதும்.

ரப்பர் நின்ற நிலங்களிற் பெரும்பகுதி இன்று செம்பனையாகிவிட்டது. ஆகலின் இது விரைந்து செய்யத்தக்க வேலை. கம்போங் குவாந்தான் ஆற்றோரத்தில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒருசேர மின்னி ஒருசேர அணைவதைக் காண அயல்நாட்டார் படகேறி வருகின்றனர். அம்மேடைக்கு இருளே திரை. நம் இளைஞர் அடுத்த நாடகத்துக்குத் திரை தூக்குமுன் எல்லா விளக்கையும் அணைத்துப் பார்க்கட்டும். பிரட்டு முடிந்து, விடியுமுன் மரத்தடிக்குச் செல்லும் ஒரு தாய், தலையிற் கட்டிய சிறு விளக்கோடு அவ்விருளில் நுழையட்டும்.