கூண்டு வண்டியில் வந்தவள்

2011 ஜனவரியில் வெளிவந்த 'சீசன் ஆஃப் த விட்ச்' அரங்கின் இருட்டில் பார்க்க ஏற்ற படம். மூடுபனி, ஓநாய்கள் திரியும் காடு, பள்ளத்தின் மேல் ஆடும் இற்றுப்போன பாலம், வாளும் கவசமுமாக நிக்கோலஸ் கேஜும் ரான் பெர்ல்மனும். சிலுவைப் போரில் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டதைக் கண்டு படையைவிட்டு விலகிய இரு வீரர்களிடம் ஒரு பணி ஒப்படைக்கப்படுகிறது. கொள்ளைநோயைப் பரப்பியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இளம்பெண் ஒருத்தியைக் கூண்டு வண்டியில் ஏற்றி, தொலைதூர மடத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். கிளேர் ஃபாய் நடித்த அந்தப் பாத்திரம் படத்தின் பெரும்பகுதியில் வெறும் 'பெண்'தான்.

அவள் சூனியக்காரியா, இல்லையா? இந்தக் கேள்விதான் நம்மை நாற்காலி நுனியில் உட்கார வைக்கிறது. கம்பிகளுக்குப் பின்னால் அவள் அழும்போது இரங்குகிறோம், சிரிக்கும்போது பயப்படுகிறோம். கடைசியில் அவளுக்குள் ஒரு பேய் புகுந்திருப்பது தெரியவருகிறது. மடத்துத் துறவிகளின் புத்தகத்திலுள்ள மந்திரம் அதை விரட்டுகிறது, அவளும் பிழைக்கிறாள். ஆனாலும் அவளைச் சந்தேகித்தவர்கள் முற்றிலும் தவறானவர்கள் அல்ல என்றாகிவிடுகிறது. பேய் வராமல் உச்சக்காட்சி இல்லை என்பதால் சந்தேகம் பலித்தே ஆகவேண்டியிருக்கிறது.

கதை நடப்பது 14ஆம் நூற்றாண்டில். உண்மையில் அந்தக் கொள்ளைநோயின்போது கூட்டங்கூட்டமாகப் பலியிடப்பட்டவர்கள் யூதர்கள். கிணறுகளில் நஞ்சு கலந்ததாக அவர்கள்மீது பழி விழுந்தது. 1349 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் எரிக்கப்பட்டார்கள். சூனிய வேட்டை பெருகியது அதற்குப் பின்னால், 15ஆம் நூற்றாண்டில் தொடங்கி. அது உச்சம் தொட்டது 1560க்கும் 1650க்கும் இடையில். இருண்ட இடைக்காலத்தின் மூடத்தனம் என்று நாம் தள்ளிவைப்பது அச்சு இயந்திரமும் சட்டக் கல்வியும் வளர்ந்த காலத்தின் காரியம்.

அந்த வரலாற்றிலும் ஒரு புத்தகம் இருக்கிறது, பேயை விரட்டாத புத்தகம். 1485இல் ஹைன்ரிக் கிராமர் என்ற விசாரணைத் துறவி, போப்பாண்டவரின் ஆணையோடு இன்ஸ்புரூக் நகருக்கு வந்து சூனியக்காரிகளைத் தேடினார். அங்கே ஹெலெனா ஷாய்பெரின் என்ற நகரத்துப் பெண் அவரைத் தெருவில் கண்டு காறித் துப்பினாள். அவருடைய பிரசங்கம் மதவிரோதமானது, கேட்கப் போகாதீர்கள் என்று மற்றவர்களிடமும் சொன்னாள். அவளையும் வேறு ஆறு பெண்களையும் கிராமர் விசாரணைக்கு இழுத்தார். அவள் எந்த ஆணோடு எப்படி இருந்தாள் என்று துருவினார். சூனியத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று ஆயரின் பிரதிநிதியே குறுக்கிட்டார். பெண்களுக்காக வாதாட வந்த வழக்கறிஞர் விசாரணை முறையிலுள்ள ஓட்டைகளைச் சுட்டிக்காட்ட, வழக்கு செல்லாததாயிற்று. எழுவரும் விடுவிக்கப்பட்டார்கள். பிரிக்சென் ஆயர் கியோர்க் கோல்சர், கிராமரை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்.

தோற்றுப்போன கிராமர் எழுதத் தொடங்கினார். 1486இல் ஸ்பையர் நகரில் 'மாலியஸ் மாலிஃபிகாரம்', அதாவது சூனியக்காரிகளை நொறுக்கும் சுத்தியல், அச்சேறியது. 'ஃபெமினா' என்ற லத்தீன் சொல்லுக்கு விசுவாசத்தில் குறைந்தவள் என்று பிழையான வேர் காட்டி, பெண் இயல்பிலேயே பேய்க்கு வசப்படுபவள் என்றது அந்நூல். 1520க்குள் பத்துக்கும் மேற்பட்ட பதிப்புகள் வந்தன.

ஒரு நூல் மட்டுமே அத்தனை பேரைக் கொன்றது என்பதில்லை. மதப்பூசல், பஞ்சம், அண்டைவீட்டுப் பகை, கட்டித் தொங்கவிட்டு வாக்குமூலம் வாங்கிய உள்ளூர் நீதிமன்றங்கள் எல்லாம் சேர்ந்தே அதைச் செய்தன. சித்திரவதை தாங்காமல் ஒருத்தி சொன்ன பெயர்களே அடுத்த வழக்குகளாயின. மூன்று நூற்றாண்டுகளில் 40,000 முதல் 60,000 பேர் கொல்லப்பட்டதாக ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் பெண்கள். சுவிட்சர்லாந்தின் கிளாருஸில் 1782இல் தலை வெட்டப்பட்ட பணிப்பெண் அன்னா கோல்டியைக் குற்றமற்றவள் என்று அம்மாநில நாடாளுமன்றம் அறிவித்தது 2008இல்தான்.

இதற்காகப் பெண்கள் வாள்சண்டைப் படங்களைப் பார்க்கக் கூடாது என்பதில்லை. பயந்து ரசிப்பதும் நமக்கு உரியதுதான். ஆனால் வண்டிக்கு வெளியே குதிரைமேல் இருப்பவனின் கண்களால்தான் நாம் அந்தக் கூண்டைப் பார்க்கிறோம். உள்ளே இருப்பவளை நம்பலாமா என்று அவனோடு சேர்ந்து நாமும் எடைபோடுகிறோம். விசாரணை மன்றம் உட்கார்ந்திருந்த இடம் அது. ஹெலெனாவின் கதையிலும் விறுவிறுப்பு இருக்கிறது: தெருவில் ஒரு மோதல், மன்றத்தில் ஒரு வாதம், தோற்று வெளியேறும் ஒரு துறவி. அதற்கு உச்சக்காட்சியில் பேய் தேவைப்படவில்லை.