பழைய பீரங்கியில் சிக்கிய குண்டை அகற்றுதல்

வாய்வழியாக வெடிமருந்தும் குண்டும் இட்டுச் சுடும் பழைய பீரங்கிகளில், சுடப்படாமல் தங்கிய குண்டை வெளியே எடுப்பது பீரங்கிப் படையினர் அறிந்திருக்க வேண்டிய வேலைகளுள் ஒன்று. இன்று அது அருங்காட்சியகங்களின் பொறுப்பாகியுள்ளது. இரு காலத்துக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: குண்டு உள்ளே இருந்தால் அதன் பின்னால் மருந்தும் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

பரங்கிமலையும் பீரங்கிப் படையும்

தென்சென்னையிலிருந்து தாம்பரம் செல்லும் வழியில் உள்ள பரங்கிமலைக்குப் பீரங்கிகளோடு நீண்ட தொடர்பு உண்டு. 1758 டிசம்பரில் லாலி தலைமையிலான பிரெஞ்சுப் படை புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டது. அப்படையை வெளியிலிருந்து அலைக்கழித்த கையோ, யூசுப் கான் (மருதநாயகம்) ஆகியோரின் படையைப் பிரெஞ்சுக்காரர் 1759 பிப்ரவரி 9 அன்று பரங்கிமலையில் தாக்கினர். ஆனால் வெல்ல முடியவில்லை. ஒரு வாரத்தில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்துசேர, முற்றுகை கைவிடப்பட்டது. பின்வாங்கியவர்கள் பல பீரங்கிகளை விட்டுச் சென்றனர். பின்னாளில் பரங்கிமலையே சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடமாயிற்று. 1860களின் தொடக்கத்தில் அப்படை ஆங்கிலேய அரசின் பீரங்கிப் படையுடன் இணைக்கப்பட்டது.

குண்டு சிக்குவது ஏன்?

குண்டு எப்போதும் குழலைவிடச் சற்றுச் சிறியதாகவே வார்க்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய 12 பவுண்டுப் பீரங்கியில் குழலின் விட்டம் ஏறக்குறைய 117 மி.மீ.; குண்டின் விட்டம் 112 மி.மீ. இந்த இடைவெளியால் புதிய குண்டு எளிதில் உருண்டு இறங்கும். ஆனால் இரும்பு துருப்பிடிக்கும்போது துரு கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும். குழலும் குண்டும் துருவேறினால் இடைவெளி மறைந்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

வேண்டுமென்றே சிக்கவைப்பதும் உண்டு. பீரங்கியைக் கைவிட்டு ஓடும் படை, எதிரி பயன்படுத்தாதிருக்க, பற்றுத்துளையில் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு துளை) ஆணி அடிக்கும். அல்லது குண்டைச் சுற்றி ஆப்புகளை இறுக்கிவிடும்.

பழைய முறைகள்

குண்டு தளர்வாக இருந்தால் பீரங்கியின் வாயைக் கீழே சாய்த்து உருட்டி எடுப்பர். குண்டுக்கு முன்னால் உள்ள அடைப்பை, நீண்ட கழியின் நுனியில் பொருத்திய திருகுக் கம்பியால் இழுப்பர். இறுகிய குண்டுக்கு 19ஆம் நூற்றாண்டுப் படைக் கையேடுகள் மூன்று வழிகளைக் கூறுகின்றன. பற்றுத்துளை வழியே ஆப்பு செலுத்திக் குண்டை முன்னோக்கித் தள்ளுவது ஒன்று. அத்துளை வழியே சிறிது மருந்து இட்டுச் சுட்டு வெளியேற்றுவது மற்றொன்று. வேறு வழி இல்லாதபோது, பின்புறச் சுவரில் துளையிட்டுக் குண்டைத் தள்ளிவிட்டு, துளையைத் திருகாணியால் அடைத்துவிடுவர்.

இன்றைய எச்சரிக்கை

சுட்டு வெளியேற்றும் முறையை இன்று யாரும் பின்பற்றக் கூடாது. துருவால் நலிந்த வார்ப்பிரும்பு வெடித்துச் சிதறலாம். வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கருமருந்து, ஈரம் படாமல் இருந்தால் நூற்றாண்டுகள் கடந்தும் தீப்பற்றும். நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவுக்குச் சொந்தமான ஒரு பீரங்கியை 2013 ஜனவரியில் துரு நீக்கியபோது, உள்ளே குண்டும், ஏறக்குறைய 800 கிராம் மருந்தும் இருந்தன. அது 1780இல் மூழ்கிய ‘ஹுசார்’ என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலின் பீரங்கி. மக்கள் பார்வைக்கும் பலகாலம் வைக்கப்பட்டிருந்தது. காவல்துறையின் வெடிபொருள் வல்லுநர்கள் மருந்தை அகற்றினர்.

எனவே முதலில் குச்சியால் குழலின் உள்நீளம் அளக்கப்படுகிறது. அது வெளிநீளத்தோடு ஒப்பிடப்பட்டு, உள்ளே ஏதேனும் அடைத்திருக்கிறதா என அறியப்படுகிறது. இருந்தால், வல்லுநர்கள் பற்றுத்துளை வழியே நீர் செலுத்தி மருந்தை நனைக்கின்றனர். நீர் வெடியுப்பைக் கரைத்து அகற்றிவிடும். கரையாமல் உலர்ந்தால் அபாயம் மீளலாம். மருந்து செயலிழந்த பிறகே, பற்றுத்துளை வழியே கிரீஸை அழுத்தத்துடன் செலுத்திக் குண்டை மெல்ல முன்னே நகர்த்துவர். சூடேற்றுவதும், மின்துரப்பணத்தால் துளைப்பதும் கூடாது. குண்டு உள்ளீடற்றதாக இருந்தால் அதற்குள்ளும் மருந்து இருக்கலாம்.

கண்டெடுத்தால்

இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்திருந்த மதிப்புள்ள பொருளைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பீரங்கியானால் காவல்துறைக்கும் உடனே சொல்வது நல்லது. அகற்றிய குண்டையும் அடைப்பையும் அளந்து பதிவுசெய்வதும் அவசியம். குண்டின் எடையும் விட்டமும் அது எந்த நாட்டு அளவுமுறையில் வார்க்கப்பட்டது என்பதைக் காட்டக்கூடும். அடைப்பில் திணித்த நாரும் கயிறும் அக்காலப் படையினரின் பழக்கத்துக்குச் சான்றாகும்.