இளம் மருத்துவர்களின் கழுத்து வலிக்கு ஓய்வும் மருந்தே

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965-ல் தொடங்கப்பட்டது. ஜி.எஸ்.டி. சாலையிலும், மாமல்லபுரம் வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் விபத்தில் அடிபடுவோர் பலர் அதன் மருத்துவமனைக்குத்தான் கொண்டுவரப்படுகிறார்கள். இத்தகைய மருத்துவமனைகளில் நள்ளிரவில் நம்மை முதலில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பயிற்சி மருத்துவர்களும் முதுநிலை மாணவர்களும்தான்.

குனிந்து தையல் போடுவது, நோயாளியை ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவது, மணிக்கணக்கில் நிற்பது ஆகியவை கழுத்தையும் தோளையும் இடுப்பையும் வருத்துகின்றன. உடல் உழைப்பு மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. மன அழுத்தம் கூடும்போது கழுத்து, தோள் தசைகள் தாமாகவே இறுகுகின்றன. தூக்கம் குறைந்தால் வலியைத் தாங்கும் திறனும் குறைகிறது. வலி தூக்கத்தைக் கெடுக்கிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடுகிறது. தைலமும் மாத்திரையும் மட்டும் இந்தச் சுழற்சியை நிறுத்திவிடாது.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. உறைவிட மருத்துவர்களின் பணி பொதுவாக நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே கூறியது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு பரிந்துரைத்த உச்சவரம்போ வாரத்துக்கு 74 மணி!

கை மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் சிரமம் வந்தாலோ மருத்துவரும் தாமதிக்காமல் சிகிச்சை பெற வேண்டும்.

நோயாளியுடன் செல்லும் நாம், விவரத்தை ஒருவர் மட்டும் நிதானமாகச் சொன்னாலே அவர்களின் சுமை சற்றுக் குறையும். பணி நேர விதி நடைமுறைக்கு வர வேண்டும் என்று கேட்பதும் நம் கடமையே. தூங்காத கண்களிடம்தான் நம் உயிரை ஒப்படைக்கிறோம்.