அம்மம்மாவின் கன்னமும் கிறீனின் தமிழும்

போன வருஷம் அம்மம்மாவின்ரை கன்னத்துக்குள்ளே ஒரு புண் மாறாமல் கிடந்தது. வெத்திலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளுப் புகையிலை: ஐம்பது வருஷப் பழக்கம். நயினாதீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துப் பட்டணம் போய், புண்ணிலிருந்து ஒரு சின்னத் துண்டு வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தோம். கொஞ்ச நாளில் அறிக்கை வந்தது. முழுக்க ஆங்கிலம்.

"என்னவாம் தம்பி எழுதியிருக்கு?" எண்டு அம்மம்மா கேட்டா. நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறவன். எழுத்துக்கூட்டி வாசித்தேன், ஒண்டும் விளங்கவில்லை. மருத்துவபீடத்தில் முதலாம் வருஷம் படிக்கிற சித்தியின்ரை மகள்தான் தாளை வாங்கிப் பார்த்தாள். "அம்மம்மா, கன்னத்துக்கு உள்ளுக்கு ஒரு போர்வை மாதிரி இருக்கெல்லோ, மேலணி எண்டு சொல்லுறது, அதிலைதான் இது தொடங்கியிருக்கு. இன்னும் ஆழத்துக்குப் போகேல்லை. வெட்டி எடுக்கலாமாம்."

அம்மம்மாவுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. 'மேலணி' என்ற சொல்லை நானும் பத்தாம், பதினோராம் வகுப்பு விஞ்ஞானத்தில் பாடமாக்கியிருக்கிறேன். பரீட்சை முடிந்ததும் மறந்துபோன அந்தச் சொல், அண்டைக்கு எங்கட வீட்டு விறாந்தையில் ஒரு மனுசியின் பயத்தைப் பாதியாகக் குறைத்தது. அந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது என்று தேடப் போனதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் விஷயத்தைப் பார்ப்போம். தங்கச்சியின் செய்முறை வகுப்பில் கண்ணாடித் தகடுகளை நுணுக்குக்காட்டியின் கீழே வைத்து, இது என்ன இழையம் என்று அடையாளம் சொல்ல வேணும். பெரும்பாலான தகடுகள் ஒரே நிறம். ஹீமற்றொக்சிலின், இயோசின் என்ற இரண்டு சாயங்கள் ஏற்றியிருப்பார்கள். கரு ஊதாவாகவும் மற்றதெல்லாம் இளஞ்சிவப்பாகவும் தெரியும். நிறத்தை வைத்து ஒண்டும் பிடிபடாது. கலங்கள் எப்படி இருக்கின்றன என்றுதான் பார்க்க வேணும்.

அவள் எனக்குச் சொல்லித் தந்த முறை இது. நெடுந்தீவுக் கல்வேலியை நினைச்சுக்கொள் என்றாள். சாந்து இல்லை, கல்லோடு கல் நெருக்கி அடுக்கியிருக்கும். மேலணி இழையமும் அப்படித்தான். கலத்தோடு கலம் ஒட்டியிருக்கும். இடையிலே ஏறத்தாழ ஒண்டும் இராது. கீழே அடித்தள மென்சவ்வு என்ற அத்திவாரம், மேலே எப்போதும் ஒரு திறந்த பக்கம். அதற்குள்ளே குருதிக்கலன் ஓடாது. சாப்பாடு கீழேயிருந்துதான் கசிந்து வரவேணும். பிறகு கலங்களின் வடிவத்தைப் பார்: செதில் போலத் தட்டையா, பெட்டி போலவா, தூண் போலவா? ஒரு படையா, பல படையா?

தொடுப்பிழையம் இதற்கு நேர்மாறு. அதற்கு எங்கட தீவகத்தையே நினைக்கச் சொன்னாள். கலங்கள் தீவுகள் மாதிரித் தள்ளித் தள்ளி இருக்கும். இடையிலே கடல் மாதிரித் தாயம். தீவுகளை இணைக்கிற தெருக்கள் மாதிரி அந்தத் தாயத்துக்குள்ளே நார்கள். தாயம் இறுகி ரப்பர் போல இருந்தால் கசியிழையம், சுண்ணாம்பேறி இறுகினால் என்பு, திரவமாக ஓடினால் குருதி. ஓம், குருதியும் தொடுப்பிழையம்தான். முதல்முறை கேட்கும்போது எவரும் நம்பமாட்டார்கள்.

ஏமாற்றுகிற தகடுகளும் உண்டு. வாதனாளியின் மேலணியில் கருக்கள் மேலும் கீழுமாகத் தெரியும். பல படை என்று எழுதத் தோன்றும். ஆனால் எல்லாக் கலங்களும் அடித்தளத்தைத் தொட்டபடிதான் நிற்கும். உண்மையில் ஒரே படை. கொழுப்பிழையம் வெறும் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். தகடு தயாரிக்கும்போது பாவிக்கிற திரவங்களில் கொழுப்பு கரைந்துபோய்விடும். மிஞ்சுவது அதை வைத்திருந்த கலத்தின் விளிம்பும், ஓரத்தில் ஒதுங்கிய கருவும்தான். இதைக் கேட்டபோது எனக்கு ஊர்காவற்றுறைப் பக்கம் 1990களின் தொடக்கத்தில் சனம் விட்டுப்போன வீடுகள் நினைவுக்கு வந்தன. சுவரைப் பார்த்துத்தான் ஆர் இருந்தது என்று சொல்ல வேணும்.

இந்தப் பிரிப்பு பரீட்சைக்கு மட்டும் உரியதல்ல. மேலணியில் தொடங்கும் புற்றுநோய்க்குக் கார்சினோமா என்று பெயர், தொடுப்பிழையத்தில் தொடங்கினால் சார்க்கோமா. இரண்டுக்கும் போக்கும் வைத்தியமும் வேறு. மேலணியில் தொடங்கியது அடித்தள மென்சவ்வைத் தாண்டிவிட்டதா, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. அம்மம்மாவின் அறிக்கை சொன்னதும் இந்த இரண்டையும்தான்.

இனி சொல்லின் கதை. உடலை இழையங்களாகப் பிரித்துப் பார்த்தவர்களில் முன்னோடி பிரான்சைச் சேர்ந்த பிஷா. 1801இல் வெளிவந்த நூலில் 21 வகை இழையங்களைச் சொன்னார். வேடிக்கை என்னவென்றால் அவர் நுணுக்குக்காட்டியை நம்பவில்லை. வெட்டியும் ஊறவைத்தும் காய்ச்சியும்தான் வேறுபாடு கண்டார். அடுத்த வருஷமே, முப்பது வயதில், இறந்துபோனார். அவர் பாவித்த பிரெஞ்சுச் சொல்லின் பொருள் 'நெய்தது' என்பது. எங்கட 'இழையம்' இழையிலிருந்து வருகிறது. அதே நெசவு, வேறு தறி. ஆனால் மேலணியின் ஐரோப்பியப் பெயரான எப்பித்தீலியம், முலைக்காம்பின் மேலுள்ளது என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து செய்யப்பட்டது. பிறகு உடம்பு முழுவதுக்கும் பரவியதால் அந்தப் பெயர் இப்போது எதையும் விளக்குவதில்லை. 'மேலணி' விளக்குகிறது: மேலே அணிவகுத்து நிற்பது.

மேற்கத்திய உடற்கூற்றைத் தமிழிலே சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் எப்பவோ பதில் சொல்லியாச்சு. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இங்கே வந்தார். மானிப்பாயில் வைத்தியம் பார்த்துக்கொண்டே மாணவர்களுக்கு மருத்துவம் படிப்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான். விடுமுறையில் ஊருக்குப் போய் 1862இல் திரும்பிவந்த பிறகு தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். அதற்கு நூல் வேண்டுமே! டான்வர்த், சப்மன் என்று மிஷன் பெயர் வைத்திருந்த தமிழ் மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள், அவர் கூடவிருந்து திருத்தினார். 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் 'கெமிஸ்தம்' என்று நூல்கள் வந்தன. கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் இலண்டனில் வெளிவந்தது 1858இல். அதைத் தழுவிய தமிழ் நூல் பதினான்கு வருஷத்தில் யாழ்ப்பாணத்து மாணவன் கையில் இருந்தது!

கிறீனைக் கும்பிட வேண்டியதில்லை. அவர் மதம் பரப்ப வந்தவர், அதை மறைத்ததும் இல்லை. அவருடைய தமிழ் இன்று எங்களுக்குக் கடினம். தலைப்புகளைப் பார்த்தாலே தெரியும்: ஒண்டில் வடமொழி, ஒண்டில் ஆங்கிலத்துக்குத் தமிழ் உடுப்பு. அவருடைய சொற்களில் பல எங்கட பாடப்புத்தகத்தில் இல்லை. ஆனால் அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை அவர் உருவாக்கினார்; அவர்களில் ஒரு பகுதியினர் முழுக்கத் தமிழிலேயே படித்தவர்கள். 1873இல் அவர் அமெரிக்கா திரும்பினார். அந்த வகுப்பு பிறகு நெடுநாள் நிலைக்கவில்லை. 1870இலேயே கொழும்பில் அரச மருத்துவக் கல்லூரி தொடங்கியிருந்தது, அங்கே ஆங்கிலம். அரச உத்தியோகத்துக்கு வழியும் ஆங்கிலம். தமிழால் ஏலாமல் போகவில்லை. தமிழிலே படித்தவனுக்கு உத்தியோகம் இல்லாமல் போனது.

பிறகு சொல்லாக்கம் இரண்டு கரையிலும் நடந்தது. 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் மட்டக்களப்பின் விபுலாநந்த அடிகள். இலங்கையில் 1956க்குப் பிறகு அரசகரும மொழித் திணைக்களம் தமிழிலும் கலைச்சொற்றொகுதிகள் வெளியிட்டது. தனிச்சிங்களச் சட்டம் வந்த அதே காலத்தில், அதே அரசு, விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச் சொற்களை அச்சடித்தது. வரலாறு படிக்கிற எனக்கு இதைவிட விசித்திரமான ஒன்று கிடைக்காது. ஆனால் இரண்டு கரையும் ஒரே சொல்லுக்கு வந்து சேரவில்லை. நாங்கள் கலம், இழையம், தொடுப்பிழையம், கசியிழையம், நுணுக்குக்காட்டி என்கிறோம். தமிழ்நாட்டு மாணவர்கள் செல், திசு, இணைப்புத் திசு, குருத்தெலும்பு, நுண்ணோக்கி என்கிறார்கள். சென்னை யூடியூப் விளக்கம் பார்த்துக் குழம்பாத உயிரியல் மாணவர் இங்கே இருக்கமாட்டார்.

எங்கட சங்கிலி உயர்தரத்தோடு அறுகிறது. பதின்மூன்று வருஷம் தமிழில் படித்த பிள்ளை 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவபீடத்துக்குள் போனதும் எல்லாம் ஆங்கிலம். மருத்துவம் முழுவதையும் தமிழாக்குங்கோ என்று நான் கேட்கவில்லை. புது ஆய்வுகள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன, வைத்தியர் அதைப் படிக்கத்தான் வேணும். என்ரை கேள்வி சின்னது. நோயாளியின் கையில் கொடுக்கிற தாளில், கீழே இரண்டு வரி தமிழில் இருந்தால் என்ன? சொற்கள் இல்லை என்று ஒருவரும் சொல்ல ஏலாது. பிள்ளைகள் அவற்றைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதுகிறார்கள். அறிக்கை எழுதுகிறவர்களில் பலரும் ஒரு காலத்தில் எழுதியவர்கள்தான்.

அம்மம்மாவுக்கு வெட்டி எடுத்தாச்சு. இப்ப ஆறு மாதமாகப் புகையிலை இல்லை. வெத்திலைத் தட்டத்தை மட்டும் கழுவித் துடைத்து வைத்திருக்கிறா. போன கிழமை தங்கச்சி தன் கன்னத்தைக் குச்சியால் சுரண்டி, மெதிலீன் நீலம் விட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்ததைப் போனில் படமெடுத்துக்கொண்டு வந்தாள். தட்டையான, கோணல்மாணலான கலங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நீலப் புள்ளி.

அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தா. "இதுவோ மேலணி?" எண்டு கேட்டா.

"ஓம், அதின்ரை மேற்படையிலை இருந்து உதிர்ந்தது."

"பூ மாதிரிக் கிடக்கு" எண்டா.