தொலைவிலிருந்து தெளிதல்: காசா மடல்கள் முதல் இணையத் தியானம் வரை

மனத்தில் எழும் தூண்டுதல்களில் எது இறைவனிடமிருந்து வருகிறது, எது அவரைவிட்டு விலக்குகிறது என்று இறைவேண்டலில் ஆராய்ந்து முடிவெடுப்பதையே கிறிஸ்தவ மரபு ‘தெளிந்து தேர்தல்’ என்கிறது. வழிகாட்டியும் தேடுபவரும் நேரில் அமர்ந்தால்தான் இது கைகூடும் என்று பலர் கருதுகின்றனர். திரை வழியாக நடக்கும் தியானங்களை ஐயத்தோடு பார்க்கின்றனர். ஆனால் இப்பயிற்சி தொடக்க நூற்றாண்டுகளிலிருந்தே தொலைவைத் தாண்டி நடந்து வந்திருக்கிறது. அதைக் காத்தவை மூன்று: கால இடைவெளி, நம்பத்தக்க ஒருவரிடம் மனம் திறத்தல், எண்ணத்தின் போக்கை இறுதிவரை கவனித்தல். இணையத்தில் இம்மூன்றும் என்னவாகின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பாலைவனமும் காசாவும்

அனைத்தையும் சீர்தூக்கிப் பார்த்து நல்லதைப் பற்றிக்கொள்ளச் சொல்லும் பவுலின் அறிவுரை (1 தெச 5:21), அவர் நேரில் இருக்க முடியாத ஒரு சபைக்கு மடலில் சென்றது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத் துறவி எவாகிரியுஸ், மனிதரை அலைக்கழிக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார். அம்மரபை மேற்குக்குக் கொண்டுசென்ற யோவான் காசியான், எண்ணங்களை மூத்தவரிடம் மறைக்காமல் வெளிப்படுத்துவதே ஏமாற்றத்திலிருந்து காக்கும் என்று வற்புறுத்தினார்.

ஆறாம் நூற்றாண்டில் காசாவுக்கு அருகே வாழ்ந்த பர்சனூபியுஸ், யோவான் ஆகிய இரு தனிமைத் துறவிகள் இம்மரபை இன்னும் ஒரு படி நகர்த்தினர். தேடி வந்தவர்களை அவர்கள் சந்திக்கவில்லை. துறவிகள், இல்லறத்தார், ஆயர்கள் எனப் பலரும் எழுதியனுப்பிய கேள்விகளுக்கு, இடையில் நின்ற ஒருவர் வழியாக எழுத்திலேயே விடையளித்தனர். பர்சனூபியுஸின் விடைகளை மடத்தலைவர் செரிதோஸ் எழுதிக்கொடுத்தார். ஏறத்தாழ 850 கேள்வி-பதில்கள் இன்றும் உள்ளன. முகம் காணாமலே ஆழமான வழிகாட்டுதல் நிகழும் என்பதற்கு இதைவிடப் பழைய, விரிவான சான்று கிடைப்பது அரிது. கேட்பவர் தன் நிலையைச் சொற்களில் வடிக்க வேண்டியிருந்தது. பதில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியிருந்தது. அந்த எழுத்தும் காத்திருப்புமே பாதிப் பயிற்சி.

இஞ்ஞாசியாரின் முறை

1521 மே மாதம் பம்பலோனாப் போரில் காலில் குண்டடிபட்ட, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், லொயோலா இல்லத்தில் படுக்கையில் கிடந்தபோது ஒரு வேறுபாட்டைக் கண்டார். வீரச் சாகசங்களைப் பற்றிய கனவுகள் அந்நேரத்தில் இன்பம் தந்து, பிறகு உள்ளத்தை வறளச் செய்தன. புனிதர்களைப் போல வாழும் எண்ணமோ, கடந்துபோன பின்னும் மகிழ்ச்சியை விட்டுச்சென்றது. அக்கணத்து உணர்ச்சியை அல்ல, அதன் பின்விளைவை நோக்க வேண்டும் என்ற இந்த அறிதலே அவருடைய முறையின் வித்து.

1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதலளித்த ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் தெளிந்து தேர்தலுக்கான 22 விதிகள் உள்ளன. உள்ளம் வறண்டிருக்கும்போது முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றலாகாது. தீய தூண்டுதல் இரகசியத்தையே நாடுவதால் அதைத் தகுந்தவரிடம் வெளிப்படுத்த வேண்டும். ஓர் எண்ணத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார்க்க வேண்டும் என்பவை அவற்றுள் சில. வழிகாட்டி தராசு முள்ளைப் போல நடுவில் நின்று, இறைவனும் மனிதரும் நேரடியாக உறவாட விட வேண்டும் என்பது அந்நூலின் 15ஆம் முன்குறிப்பு. அலுவல்களை விட்டு வர முடியாதவர் நாளும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி இப்பயிற்சியைச் செய்யலாம் என்று இசைவளிக்கிறது 19ஆம் முன்குறிப்பு.

இஞ்ஞாசியாரின் மடல்கள் ஏறத்தாழ 7,000 எஞ்சியுள்ளன. 1536 ஜூன் 18 அன்று வெனிசிலிருந்து பார்சலோனாவின் அருட்சகோதரி தெரசா ரெஹதெல்லுக்கு எழுதியது, இவ்விதிகளை ஒருவரின் வாழ்க்கைக்குப் பொருத்திக் காட்டும் சிறந்த மடல்.

தொலைவின் எல்லையும் அக்காலத்திலேயே தெரிந்தது. முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணியாற்றிய தம் சபைத் தோழர் சவேரியாரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வருமாறு 1553 ஜூன் 28 அன்று இஞ்ஞாசியார் எழுதினார். சவேரியாரோ 1552 டிசம்பரிலேயே சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்திருந்தார். மடலுக்காகக் காத்திராமல் அங்கங்கே முடிவெடுக்க அவருக்குத் துணைநின்றது உள்ளத்தில் ஊறிய பயிற்சியே. வழிகாட்டுதலின் நோக்கமும் அதுதான்: தேடுபவர் தாமே தெளியக் கற்பது.

இணையத்தில் இடைவெளி

1999ஆம் ஆண்டுத் தவக்காலத் தொடக்கத்தில் அயர்லாந்து இயேசு சபையினர் ‘சேக்ரட் ஸ்பேஸ்’ தளத்தைத் தொடங்கினர். இறைப் பிரசன்னத்தில் தொடங்கி, இறைவார்த்தை வழியாக, இறைவனோடு உரையாடல் வரை படிப்படியாக நகரும் பத்து நிமிட வேண்டல் அது. படிக்கப்படுவது கொஞ்சம், நின்று நோக்க விடப்படுவது அதிகம். அமெரிக்காவின் கிரெய்ட்டன் பல்கலைக்கழகம் 19ஆம் முன்குறிப்பின் உணர்வில் 34 வார இணையத் தியானத்தை வழங்கியது. 2006இல் பிரித்தானிய இயேசு சபையினர் பயணத்தில் இருப்போருக்காக ‘ப்ரே ஆஸ் யூ கோ’ ஒலிவடிவ வேண்டலைத் தொடங்கினர். 2020இல் பெருந்தொற்று தியான இல்லங்களை மூடியபோது, ஒருவருக்கொருவர் நடக்கும் வழிகாட்டலும் காணொளி அழைப்புக்கு மாறியது.

திருஅவையின் சிந்தனையும் கூடவே வளர்ந்தது. 2002இல் வெளிவந்த ‘திருஅவையும் இணையமும்’ ஆவணம், இணையத்தின் பயனை ஏற்றது. ஆனால் அங்கே அருளடையாளங்கள் இல்லை என்று எல்லை வகுத்தது. 2012இன் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், மௌனத்தையும் சொல்லையும் இணைத்தே பேசினார். 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ், பல திரைகளுக்கிடையே தாவும் வாழ்வில் தெளிவு இல்லாதோர் ஒவ்வோர் அலைக்கும் இரையாவர் என்று எச்சரித்தார். 2022 ஆகஸ்டு முதல் 2023 ஜனவரி வரை தம் புதன் மறைக்கல்வியைத் தெளிந்து தேர்தலுக்கே ஒதுக்கினார்.

முடிவுரை

இவ்வரலாறு காட்டுவது தெளிவானது. தொலைவு தெளிந்து தேர்தலுக்குப் பகையன்று, அவசரமே பகை. மடல் போய்வரும் நாள்களில் இயல்பாகக் கிடைத்த இடைவெளியை இணையம் பறித்துவிட்டது; எனவே அதை நாமே உண்டாக்க வேண்டும். சினம் மூட்டும் செய்தியைப் பகிருமுன் அது உள்ளத்தில் எதை விட்டுச்செல்கிறது என்று பார்ப்பதும், துறவறமா இல்லறமா என்ற கேள்வியைப் பலர் முன் வைக்காமல் ஒரே வழிகாட்டியிடம் எடுத்துச்செல்வதும், மனம் வறண்ட இரவில் கிடைத்த பதிலை நம்பி முடிவை மாற்றாதிருப்பதும் 22 விதிகளின் இன்றைய வடிவங்களே. இவற்றைக் கைக்கொள்பவருக்குத் திரை தடையாகாது. இவற்றைக் கைவிட்டவருக்கோ, வழிகாட்டி எதிரே அமர்ந்திருந்தாலும் தெளிவு பிறக்காது.