பொதுவாகப் புரிந்தால் போதும்: வேட்புமனுப் பெயர் பற்றிய ஒரு சட்ட வாசகத்துக்கு விளக்கம்

வேட்பாளர் பெயரை நாம் யாரும் வாக்குச்சாவடியில் எழுதுவதில்லை. பெயர் அச்சாகியிருக்கும், பக்கத்தில் சின்னம் இருக்கும், சில வருடங்களாகப் படமும் இருக்கிறது. அதனால் பெயரை எழுதும்போது வரும் பிழை நம் தேர்தலில் இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தப் பிழை எங்கும் போய்விடவில்லை. வாக்காளர் கையிலிருந்து வேட்புமனு மேசைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த மேசையில் செல்லுபடியாகும் சட்டம் 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். அதன் 33ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவைத்தான் இங்கே துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கப் போகிறோம். வாசகங்களை என் சொல்லில் தருகிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் விருத்தாசலம் அருகே உள்ள மங்கலம்பேட்டைப் பக்கத்துப் பெயர்களே போதும்.

"மனுவில் உள்ள பெயர்களும் பட்டியல் எண்களும் வாக்காளர் பட்டியலில் உள்ளவையே என்று தேர்தல் நடத்தும் அலுவலர் உறுதி செய்துகொள்ள வேண்டும்"

இது முதல் துண்டு. கறாரானது. இதோடு சட்டம் நின்றிருந்தால் விருத்தாசலம் வட்டத்தில் பாதிப் பேர் மனுத் தாக்கல் செய்ய முடியாது. வாக்காளர் பட்டியலில் 'அப்துல் ரகுமான்', ஆதாரில் 'அப்துல் ரஹ்மான்', குடும்ப அட்டையில் வெறும் 'ரகுமான்' என்று இருக்கும் ஆட்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. கையெழுத்தை 'ஷண்முகம்' என்று போடுபவர் பட்டியலில் 'சண்முகம்' ஆகியிருப்பார். அப்பா பெயரின் முதலெழுத்து ஓர் ஆவணத்தில் 'ரா', இன்னொன்றில் 'இரா'. ஆங்கிலத்திலிருந்து கணினி தமிழுக்குத் திருப்பிய பெயர்களின் கோலம் தனி. 'ழ' வர வேண்டிய இடத்தில் 'ல' வந்து உட்கார்ந்திருக்கும்.

"பெயர் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தாலும், விவரம் துல்லியமாக இல்லாவிட்டாலும், எழுத்தர் பிழையோ தொழில்நுட்பப் பிழையோ அச்சுப் பிழையோ இருந்தாலும்"

இங்கிருந்து விலக்கு தொடங்குகிறது. ஒரே மூச்சில் இத்தனை வகையை அடுக்கியதற்குக் காரணம் இருக்கிறது. அச்சுக்கூடத்தில் 'முருகேசன்' 'முருகேகன்' ஆவது ஒரு வகை. பெயரே வேறாகிப் போவது இன்னொரு வகை. வீட்டில் 'சின்னப்பொண்ணு', பள்ளிச் சான்றிதழில் 'விஜயலட்சுமி'; கணக்கெடுக்க வந்தவர் வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதியிருந்தால் பட்டியலில் ஏறியது சின்னப்பொண்ணுதான். சட்டம் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது. யார் செய்த பிழை என்று அது கேட்கவில்லை. பிழை பட்டியலில் இருக்கலாம், மனுவிலும் இருக்கலாம் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. அரசாங்கம் தன் புத்தகத்திலும் பிழை இருக்கும் என்று ஒப்புக்கொண்டு எழுதிய வரி அரிது. இது அதில் ஒன்று.

நம் தேர்தல்கள் தொடங்கிய காலத்தை நினைத்தால் இதன் அருமை தெரியும். 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, சுமார் 8 கோடிப் பெண் வாக்காளர்களில் ஏறக்குறைய 28 லட்சம் பேர் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே சொன்னார்கள். பெரும்பாலோர் வடமாநிலங்களைச் சேர்ந்தவர்கள். சொந்தப் பெயர் இல்லாத பதிவை ஏற்க முடியாது என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் முடிவெடுத்தார். அவர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெயர் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், பெயரே இல்லாவிட்டால் முடியாது என்று எல்லை போட்டுவிட்டார் சென். முடிவு சரியோ தவறோ, அடுத்த தேர்தலுக்குள் பெண்கள் பெயரைச் சொல்ல முன்வந்தார்கள்.

"வேட்பாளர், முன்மொழிபவர், வேறு எவராயினும், எந்த ஊராயினும்"

முன்மொழிபவரைச் சேர்த்தது சும்மா இல்லை. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேர் என்றால் பத்து எழுத்துக்கூட்டல். இந்த விலக்கு இல்லையென்றால் சுயேச்சைகள் முதல் நாளே காலி. ஆனால் எழுத்தை மன்னிக்கும் சட்டம் எழுதிய கையை மன்னிப்பதில்லை. 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு நிராகரிக்கப்பட்டது. அங்கே பெயர் தவறில்லை. முன்மொழிந்தவர்களில் இருவர் அது தங்கள் கையெழுத்தே இல்லை என்றதுதான் தகராறு. அதற்கு இந்த வாசகம் துணைக்கு வராது.

ஊர்ப் பெயருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மங்கலம்பேட்டை என்றாலும் மங்கலம்பேட் என்றாலும் பஸ் ஒரே இடத்தில்தான் நிற்கிறது.

"பட்டியல் எண்களைப் பொறுத்தவரை எழுத்தர், தொழில்நுட்ப, அச்சுப் பிழைகள் மட்டும்"

எண்ணுக்குச் சலுகை குறைவு. 'தவறாகக் குறிப்பது' என்ற சொல் இங்கே வரவில்லை, கவனிக்க. 412க்கு 421 என்று இடம் மாறி விழுந்தால் அது எழுத்தர் பிழை. அதைத் தாண்டிய குழப்பத்துக்கு அலுவலரின் விவேகம்தான் கதி.

"அந்தப் பெயர் யாரைக் குறிக்கிறது என்று பொதுவாகப் புரிந்துகொள்ளும்படி இருக்குமானால்"

மொத்த உட்பிரிவின் பாரமும் இந்தத் துண்டில்தான் இருக்கிறது. பொதுவாக என்றால் யாருக்கு? இலக்கணப் புலவருக்கா, அலுவலருக்கா? இல்லை. அந்தத் தொகுதியில் வாழ்கிறவர்களுக்கு. பெயரை அளக்கும் கோலை ஏட்டிலிருந்து எடுத்து ஊரின் கையில் கொடுத்துவிட்டது சட்டம். 2006இல் விருத்தாசலம் தொகுதியில் விஜயகாந்த் நின்று வென்றார். அவருக்குப் பிறந்தபோது வைத்த பெயர் விஜயராஜ். அந்தப் பெயரைத் தேடி அன்றைக்கு எவரும் வாக்குச்சாவடிக்குப் போகவில்லை. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகள் இதையே வேறு விதமாகச் சொல்கின்றன: மனுவில் உள்ள பெயர், மக்கள் அவரை அறிந்த பெயரிலிருந்து வேறுபட்டால், போட்டியிடுவோர் பட்டியல் தயாராகும் முன் சரியான வடிவத்தையும் எழுத்துக்கூட்டலையும் எழுத்துமூலம் கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம்.

இந்தத் துண்டு இல்லாத சட்டம் என்ன பாடுபடுத்தும் என்பதற்கு அமெரிக்காவின் அலாஸ்காவைப் பார்க்க வேண்டும். அங்கே வாக்குச்சீட்டில் பெயர் இல்லாதவருக்கும் வாக்களிக்கலாம். வெற்றிடத்தில் பெயரை எழுதி, பக்கத்தில் உள்ள நீள்வட்டத்தை நிரப்ப வேண்டும். 2010இல் செனட்டர் லிசா மர்கவ்ஸ்கி கட்சிக்குள் நடந்த தேர்வில் ஜோ மில்லரிடம் தோற்றார். விடவில்லை; நவம்பர் தேர்தலில் 'என் பெயரை எழுதுங்கள்' என்று இறங்கினார். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதுவது அமெரிக்கர்களுக்கே சிரமம். எழுத்துக்கூட்டிச் சொல்லிக் கொடுக்கும் விளம்பரங்கள் வந்தன, பெயர் அச்சிட்ட கைப்பட்டைகள் விநியோகமாயின.

ஜூனோ நகரில் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். மேசையில் ஊழியர், இரண்டு பக்கமும் இரு தரப்பு ஏஜென்டுகள். ஓர் எழுத்து விட்டுப்போனாலும் மில்லர் தரப்பு ஆட்சேபம் எழுப்பியது. அப்படி ஆட்சேபிக்கப்பட்டும் எண்ணப்பட்ட சீட்டுகள் 8,159. மில்லருக்குச் சட்டத்தில் பிடி இருந்தது: வேட்பாளர் தன் அறிவிப்பில் கொடுத்த பெயரோ, அதன் கடைசிப் பெயரோ எழுதப்பட்டிருக்க வேண்டும், இந்த விதிகள் கட்டாயம், விலக்கே இல்லை என்று அங்கே எழுதியிருந்தது. நம் 33(4)இன் முதல் துண்டு மட்டும் தனியாக நிற்பது போல.

வழக்கு அலாஸ்கா உச்ச நீதிமன்றம் போனது. 2010 டிசம்பர் 22 அன்று மில்லர் தோற்றார். எழுத்துக்கு எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, வாக்காளர் மனதில் யார் இருந்தார் என்பதே முக்கியம் என்றது நீதிமன்றம். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள், பேசத் தெரிந்தும் சரியாக எழுத வராதவர்கள், எழுதுவதற்குத் தடையான உடல் குறையோ கற்றல் குறைபாடோ உள்ளவர்கள் என எல்லாரையும் அது நினைவில் கொண்டது. ஆட்சேபித்த அத்தனை சீட்டையும் ஒதுக்கினாலும் மர்கவ்ஸ்கி 2,169 வாக்கு முன்னிலையில் இருந்தார் என்பது வேறு விஷயம். என் கணக்கில் அந்தத் தீர்ப்பின் சாரம் 'பொதுவாகப் புரிந்தால் போதும்' என்பதுதான். நம் சட்டத்தில் எழுதியே வைத்திருந்ததை அவர்கள் வழக்காடிப் பெற்றார்கள்.

இதற்காக நாம் ரொம்பவும் பெருமைப்பட வேண்டாம். நம் ஊரிலும் வாக்காளர் பேனா எடுத்து எழுதும் தேர்தல் ஒன்று உண்டு: சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிக்கும் மாநிலங்களவைத் தேர்தல். அங்கே விருப்ப வரிசையை எண்ணால் குறிக்க வேண்டும். எந்த இந்திய மொழியின் எண் வடிவமும் செல்லும். தமிழ் எண்ணான 'க' போட்டாலும் அது ஒன்றாம் விருப்பம்தான். 'ஒன்று' என்று எழுத்தால் எழுதினால் செல்லாது. எம்.எல்.ஏ. மனதில் இருந்தவர் யார் என்பது குழந்தைக்கும் புரியும், ஆனாலும் வாக்கு போச்சு. 2016இல் ஹரியானாவில் தவறான பேனாவால் குறித்ததற்காகவே பல வாக்குகள் செல்லாமல் போய் ஒரு வேட்பாளர் தோற்றார். பெயரில் காட்டிய தாராளத்தை மையில் காட்டவில்லை.

"அத்தகைய பிழையைத் திருத்த அலுவலர் அனுமதிக்க வேண்டும், தேவைப்பட்டால் பொருட்படுத்தாமல் விடும்படி உத்தரவிட வேண்டும்"

'அனுமதிக்கலாம்' இல்லை, 'அனுமதிக்க வேண்டும்'. மனுவைக் கொடுத்தவரிடம் 'நாளைக்கு வாங்க' என்று அனுப்ப அலுவலருக்கு அதிகாரம் இல்லை என்றே இதைப் படிக்க வேண்டும்.

ஆனால் இந்த உட்பிரிவு எதிர்பாராத ஒன்று இருக்கிறது: பிழையே இல்லாத பெயர். 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே 'ஓ', அதே பன்னீர்செல்வமாக வேறு சிலரும் மனுத் தாக்கல் செய்தார்கள். எல்லாப் பெயரும் அசல், எல்லாப் பட்டியலும் சரி. ஒரே பெயரில் பலர் இருந்தால் தொழிலையோ ஊரையோ சேர்த்து வேறுபடுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. நெரிசலான வாக்குச்சாவடியில் அந்தப் பொடி எழுத்தை யார் நின்று படிக்கிறார்கள்? இந்தக் குழப்பத்துக்காகவே 2015 மே முதல் வேட்பாளர் படத்தையும் சேர்க்கச் சொன்னது தேர்தல் ஆணையம். ஓ.பி.எஸ். எனப்படும் முன்னாள் முதல்வரின் தரப்பு பெயரை நம்பவில்லை. பலாப்பழச் சின்னத்தைக் காட்டியே தொகுதி முழுக்கச் சுற்றியது. 3 லட்சத்து 42 ஆயிரத்துக்கும் மேல் வாக்கு வாங்கி இரண்டாம் இடத்துக்கு வந்தார். வென்றவர் நவாஸ்கனி.