தீபம் முதல் பொங்கல் வரை: வீட்டுக் கழிவும் மாட்டின் வயிறும்

கார்த்திகை தீபம் நெருங்கினால் வேங்கிக்கால் சுற்றுவட்டார வீடுகளில் விருந்தாளிகளுக்குக் குறைவிருக்காது. 14 கி.மீ. கிரிவலம் முடித்து வரும் உறவினர்களுக்கு இலை போட்டுச் சாப்பாடு, பூஜைக்கு மாலை, வாசல் நிறைய அகல் விளக்கு. அன்று சேரத் தொடங்கும் கழிவு மாட்டுப் பொங்கல் வரை ஓய்வதில்லை. எச்சில் இலை, மீந்த சோறு, வாடிய பூ, கேரி பேக் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுகிறோம். அதை முதலில் மேய்வது நம் மாடுதான்.

மீந்த சோற்றைத் தொட்டியில் கொட்டாதீர்கள்

வீணாகிறதே என்று ஒரு அண்டா சோற்றை அப்படியே மாட்டுக்கு வைத்துவிடுகிறோம். சோற்றிலுள்ள மாவுச்சத்து மாட்டின் முதல் வயிற்றில் வேகமாக நொதித்து லாக்டிக் அமிலமாகிறது. அமிலம் மிகுந்தால் மாடு அசைபோடாது, தீனி எடுக்காது. வயிறு உப்பும், சாணம் இளகிப் புளித்த வாடை வீசும், பிறகு தள்ளாடிப் படுத்துவிடும். கவனிக்காவிட்டால் ஓரிரு நாளில் இறக்கவும் நேரிடும். பிழைத்தாலும் கறவை குறையும்.

அறிகுறி தெரிந்த உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவசர ஊர்திக்கு 1962. அவர் வருவதற்குள் எண்ணெய், கஷாயம் என்று வாயைப் பிளந்து எதையும் ஊற்ற வேண்டாம். புரையேறி நுரையீரலுக்குள் போனால் அது தனி ஆபத்து. மாட்டுப் பொங்கலன்று சம்பிரதாயத்துக்கு ஒரு கைப்பிடி ஊட்டுவதில் தவறில்லை. பானையோடு வைப்பதுதான் தவறு.

மீறாமல் சமைப்பதே நல்லது. ஆளுக்குச் சுமார் 150 கிராம் அரிசி என்று உலை வையுங்கள். கூட்டம் கூடினால் மறு உலை வைத்துக்கொள்ளலாம்.

சாம்பார் ஒட்டிய கேரி பேக்கை மாடு முடிச்சோடு விழுங்கும். அது செரிக்காது, வெளியேயும் வராது. வருடக்கணக்கில் வயிற்றில் சேர்ந்து தீனிக்கு இடமில்லாமல் செய்துவிடும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனாலும் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு விருந்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. வாழை இலையோ மந்தாரை இலையோ போதும்.

இலையும் பூவும் உரமாகும்

வாழை இலையை முழுசாகப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காற்றுப் புகாது, நாற்றம்தான் வரும். விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். மாலையில் வாழைநார் இருந்தால் அப்படியே போடலாம். நைலான் நூலும் ஜிகினாவும் இருந்தால் உருவி எடுத்துவிடுங்கள். நிழலில் அரை அடிக்கு இலை, பூ, காய்கறித் தோல் பரப்பி, மேலே சாணக் கரைசல் தெளித்து, கொஞ்சம் தோட்டத்து மண் தூவி, இப்படியே மூன்றடி உயரம் வரை அடுக்குங்கள். கையில் பிழிந்தால் நீர் கசியும், சொட்டக் கூடாது. அந்த ஈரம் போதும். 15 நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். கெட்டுப்போன சோறு கொஞ்சமாக இருந்தால் நடுவில் புதைத்து இலையால் மூடலாம். எண்ணெய்த் திரி வேண்டாம், அது அடுப்பு பற்றவைக்க உதவும். அகலைச் சுடுநீரில் ஊறவைத்துக் கழுவினால் அடுத்த வருடத்துக்கு ஆகும்.

போகியன்று பழைய பாய், ஓலையைக்கூட எரிக்காமல் நறுக்கிக் குவியலில் சேர்க்கலாம். பிளாஸ்டிக் பாயும் டயரும் குவியலுக்கும் ஆகாது, தீக்கும் ஆகாது.

கார்த்திகையில் போட்ட குவியல் மாசிக் கடைசியில் கறுத்து, உதிரியாகி, மண் வாசனை வரும். அதைச் சலித்து, கத்தரி, மிளகாய் நாற்றங்காலுக்கு முதலில் போடுங்கள்.